கீத்தல் சுட்ட வளையங்கள்

விஸ்துலா ஆற்றங்கரைச் சந்தையில் பெஷா பதினொரு வருடமாகப் பேகல் ரொட்டி விற்றாள். மாவை வளையமாக்கி, கொதிநீரில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்த பிறகுதான் அடுப்பில் வைப்பாள். மேல்தோல் பளபளக்கும், உள்ளே பஞ்சாக இராது, இழுத்துத்தான் மெல்ல வேண்டும். ஊரில் வேறு யாரும் அதைச் சுட்டு விற்கவில்லை.

அவள் கணவன் லேய்சர் அமெரிக்காவுக்குக் கப்பலேற ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய் ஒன்பது வருடம். முதல் வருடம் அங்கிருந்து மூன்று கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் பெஷாவின் கை மாவிலேயே நின்றுவிடும்.

"அங்கே எவளையாவது சேர்த்துக்கிட்டிருப்பான்" என்று சந்தையில் சீண்டுவார்கள்.

"சேர்த்துக்கட்டுமே. இருந்தாப் போதும்" என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை யூத மதகுருவான ரப்பியே வீட்டுக்கு வந்தார். ஆண்ட்வெர்ப் யூதர்களின் அடக்கச் சங்கம் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். லேய்சர் ஆஸ்பத்திரியில் இறந்து பன்னிரண்டு நாளாகிறது. ரப்பி சொன்னபடி பெஷா துக்கச் சடங்காகச் சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

துக்கத்தின் முதல் சாப்பாட்டை அக்கம்பக்கத்தார்தான் தர வேண்டும். அவித்த முட்டையும் பேகலும். சொந்த ரொட்டி கூடாது. அடுத்த வீட்டுக் கீத்தல் முட்டையோடு வந்து, மூலையிலிருந்த கூடையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேகல் எனக்குக் குடு பெஷா."

"யாருக்கு?"

"உனக்குத்தான்டி. நான் வாங்கி நான் குடுக்கணுமில்ல?"

"விக்கிறதுக்கில்ல."

"கூடை நெறையக் கெடக்கு!"

"கெடக்கட்டும். இருட்டினதும் நானே எடுத்துத் தின்னுக்குறேன்."

கீத்தலுக்குப் புரிந்தது. இருட்டும்வரை பட்டினி கிடந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சொந்த ரொட்டியே தின்னலாம். அடுத்தவர் கையால் வாங்கித் தின்றால்தான் அவள் விதவை.

"அவனாலேயே உன் பிடிவாதத்த ஜெயிக்க முடியல. நான் எம்மாத்திரம்!" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

பெஷா ஜன்னலில் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் தபால்காரர் தெருவில் போனார். அவள் கழுத்து தானாகத் திரும்பிற்று.

எதிர்க் கூரையில் வெயில் சரியும்போது கீத்தல் ஓடி வந்தாள். தலைமுடியெல்லாம் மாவு. தட்டில் இரண்டு வளையங்கள். ஒன்றில் துளையே அடைந்துபோயிருந்தது.

பெஷா தொட்டுப் பார்த்தாள். "தண்ணியில போடலயா?"

"போட்டேன். கரண்டியில ஒட்டிக் கஞ்சியாப் போச்சு. மிச்சத்த அப்படியே அடுப்புல வச்சிட்டேன். கல்லு மாதிரிதான் இருக்கும். பொழுது சாயுது, வாங்கிக்கோடி."

"கல்யாணமான புதுசுல லேய்சர் ஒரு தடவ இப்படித்தான் சுட்டுக் குடுத்தான்" என்றாள் பெஷா. "நல்லாருக்குன்னு பொய் சொன்னேன்."

கையை நீட்டினாள். கீத்தல் அதில் ரொட்டியை வைத்தாள். கடித்ததை விழுங்க பெஷாவுக்கு வெகுநேரம் ஆயிற்று. கீத்தல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முட்டையை உரித்தாள்.