படியில் உட்கார்ந்திருந்தவர்

பேய்க் கதை எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. கேஸ் குறிப்பு எழுதித்தான் பழக்கம். அதனால் இதையும் தேதி, நேரத்தோடு அப்படியே எழுதுகிறேன். வந்தவர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது. எனக்கு நடந்தது.

நான் ஆதிலக்ஷ்மி. தூத்துக்குடியில், பாளையங்கோட்டை ரோட்டை ஒட்டி ஒரு சின்ன மனநல கிளினிக் வைத்திருக்கிறேன். பதற்றம், தூக்கமின்மை, ஊசி பயம், லிஃப்ட் பயம் என்று வருபவர்களுக்கு ஹிப்னாஸிஸ் சிகிச்சை தருகிறேன். அது மந்திரம் இல்லை. தூக்கம்கூட இல்லை. கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி, மனதை ஓர் இடத்தில் நிறுத்துவது. பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்விடலாம். யாரும் உள்ளே மாட்டிக்கொள்வதில்லை. இதை எல்லோரிடமும் சொல்வேன். அந்த ஜூலை மாதம் வரை நானும் நம்பினேன்.

என் முறை இதுதான். ஒரு கதவைத் திறப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்தப் பக்கம் பத்துப் படிகள். கீழே கடற்கரை. நான் ஒன்று, இரண்டு என்று எண்ண எண்ண, அவர்கள் மனதுக்குள் ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். மணலில் கால் வைக்கும்போது பயம் தணிந்திருக்கும். திரும்ப அழைக்க ஐந்து வரை எண்ணுவேன். கண் திறப்பார்கள்.

2025 ஜூன் 9, திங்கள். காலை 11.20. முருகேஸ்வரி, பள்ளி ஆசிரியை. தினமும் இன்சுலின் போட வேண்டும். ஊசியைப் பார்த்தாலே மயக்கம். ஆறு வரை ஒழுங்காக இறங்கினார். ஏழு என்றதும் நின்றுவிட்டார்.

"ஒருத்தரு உக்காந்திருக்காரு மேடம்."

"எங்கே?"

"ஏழாவது படில. முதுகு மட்டும் தெரியுது."

மனம் சில சமயம் இப்படித் தடை போடும். ஓரமாக இறங்குங்கள் என்றேன்.

"வழி விட மாட்டேங்காரு."

அன்று அதோடு நிறுத்தி, ஐந்து எண்ணி எழுப்பினேன். நோட்டில் 'ஏழாவது படி, தடை' என்று எழுதினேன். மறந்தும் போனேன்.

ஜூன் 20, வெள்ளி. மாலை 5.10. காசிலிங்கம் அண்ணாச்சி, ஹார்டுவேர் கடைக்காரர். சென்னையில் மகள் வீடு ஒன்பதாவது மாடி. லிஃப்டில் ஏறப் பயந்து, பிறந்த பேரனை இன்னும் பார்க்கவில்லை. அவருக்கும் முருகேஸ்வரிக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது.

ஐந்தாவது படியில் நின்றார்.

"இங்கன ஒரு ஆளு இருக்கான் டாக்டரம்மா."

என் பேனா நின்றது.

"நனைஞ்ச சட்டையக் கழட்டிப் பிழிஞ்சுக்கிட்டே இருக்கான். ஏலே, எந்திரிலேங்கேன்... திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கான்."

அவர் போனபின் நோட்டைப் புரட்டினேன். அன்று ஏழு. இன்று ஐந்து. கீழே இருந்து மேலே வருகிறாரா? சிரித்துக்கொண்டேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

இனிப் படிக்கட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். எண்ணுவதும் வேண்டாம்.

ஜூலை 3, வியாழன். மாலை 4.35. ஜெபகனி, மாப்பிள்ளையூரணிக்காரர். ஐம்பது வயதுப் பெண்மணி. தலைக்குள் கட்டி இருக்குமோ என்று டாக்டர்களுக்குச் சந்தேகம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டு முறை அந்தக் குழாய்க்குள் போய், அலறி, பாதியில் வெளியே வந்தவர். மறுநாள் காலை மூன்றாவது முயற்சி.

"இந்தத் தடவையாவது நான் உள்ள அசையாம கெடந்துரணும் டாக்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முடியாது என்று எப்படிச் சொல்வேன்?

தோட்டம் என்றேன். வேப்பமரம், நிழல், ஒரு நாற்காலி. ஓர் எண்கூடச் சொல்லவில்லை. மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னேன். அவர் முகம் தளர்ந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மணி 4.48.

"தோட்டம் எங்க டாக்டர்? படிதான இருக்கு."

குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மூணாவது படில ஒருத்தரு நிக்காரு. இந்தப் பக்கம் திரும்பிட்டாரு."

"ஜெபகனிம்மா... கண்ணைத் திறங்க."

திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ரெண்டு."

தோளைப் பிடித்து உலுக்கினேன். உடம்பு துணிபோலத் தொய்ந்து கிடந்தது.

"ஒண்ணு."

எங்கள் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகாத நிமிடம் கிடையாது. அந்த நிமிடம் ஒன்றுகூடப் போகவில்லை.

"கதவு."

என் நாற்காலிக்குப் பின்னால்...

சொட்.

சொட்... சொட்...

யாரோ ஈரத் துணியைப் பிழிகிற சத்தம்.

"எந்திரிங்கம்மா!"

"எண்ணாம எப்பிடி டாக்டர் வர?" அமைதியான குரல். "எண்ணுங்க. அவரும் அதுக்குத்தான் நிக்காரு."

எண்ணாவிட்டால் இவர் வரமாட்டார்.

எண்ணினால்...

எண்ணினேன்.

ஒன்று.

இரண்டு. பிடரியில் குளிர்.

மூன்று. உப்பு வாடை.

நான்கு...

ஐந்து.

ஜெபகனி கண் திறந்தார். தண்ணீர் கேட்டார். மணி 4.53. அவருக்கு எதுவும் நினைவில்லை. வேப்பமர நிழலில் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்.

திரும்பிப் பார்க்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. பின்னால் யாரும் இல்லை. தரை உலர்ந்திருந்தது. என் முந்தானை நுனி மட்டும் நனைந்திருந்தது. முறுக்கிப் பிழிந்ததுபோல் சுருண்டிருந்தது.

மறுநாள் ஸ்கேன் முடிந்தது. நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்தாராம். கட்டி எதுவும் இல்லையாம். போனில் அழுதுகொண்டே சொன்னார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதன்பின் அந்த அறையில் கதவுக்கு முதுகு காட்டி நான் உட்கார்ந்ததில்லை.

பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஜூலை 13, ஞாயிறு காலை 10.15-க்கு, திருநெல்வேலியில் இதே சிகிச்சை செய்கிற பத்மஸ்ரீயைக் கூப்பிட்டேன். என்னோடு படித்தவள். அவளிடம் போகிற யாரும் என்னிடம் வந்ததில்லை. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், பொதுவாகத்தான் கேட்டேன்.

"பத்மா, உன் பேஷன்ட் யாராவது, கண்ணை மூடியிருக்கும்போது யாரையோ பாத்ததா சொல்லியிருக்காங்களா?"

அவள் எழுந்து அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எத்தனாவது படி?" என்றாள்.

நான் படி என்ற சொல்லையே சொல்லியிருக்கவில்லை.

"எங்கிட்ட பத்தாவது படில ஆரம்பிச்சுது ஆதி. மூணு பேரு சொன்னாங்க. கடைசி ஆளு எட்டாவது படின்னாரு. பயந்துபோயி அன்னைக்கோட எண்ணுறதையே விட்டுட்டேன். போயிட்டாருன்னு நெனச்சேன்."

"என்னைக்கு விட்ட?"

"ஜூன் ஆறு. வெள்ளிக்கிழமை."

முருகேஸ்வரி என்னிடம் வந்து ஏழாவது படியில் அவரைப் பார்த்தது அதற்கு அடுத்த திங்கள்.