லோங்காங்காரன் வந்திருக்கார்

மரம் நடுவதும் கால்வாய் வெட்டுவதும் எங்கள் தொழில் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். உண்மையில் எங்கள் தொழில் கதவைத் தட்டுவதுதான். காப்புறுதி விற்றவர்கள், திருவிழாவுக்கு நன்கொடை கேட்டுப் போனவர்கள், மக்கள்தொகை கணக்கெடுக்கப் போனவர்கள் எல்லாரும் எனக்குப் பங்காளிகள். வெளியே நீங்கள் செருப்போடு நின்றிருக்க, உள்ளேயிருந்து "யாரும் இல்லைன்னு சொல்லு" என்ற குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் எனக்குச் சிங்கப்பூரில் ஒரு பழைய குடியிருப்பு எஸ்டேட்டை ஒப்படைத்தார்கள். சிராங்கூன் ரோட்டைத் தாண்டி, தாழ்வான நிலத்தில் வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். வெயில் அடித்தால் தார் ரோட்டில் நிற்க ஒரு நிழல் கிடையாது. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து சமையலறை வரை பார்த்துவிட்டுப் போகும். நிழலைக் கொண்டுவர வேண்டும், தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். இதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. கால்வாய் என்ற சொல் எங்கள் அலுவலகத்தோடு சரி. எஸ்டேட்டில் அது லோங்காங். அதனால் நான் லோங்காங்காரன்.

செத்த கட்டை

முதலில் நிழல். அப்போது ரோட்டோரங்களில் அங்சானா மரம் நடுவோம். விதை போட்டுக் காத்திருக்கும் வேலையெல்லாம் இல்லை. தொடை பருமனில் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து அப்படியே மண்ணில் நிறுத்திவிடுவோம். இலை இருக்காது, கொப்பு இருக்காது. பார்ப்பதற்கு யாரோ கொட்டகை போட ஆரம்பித்துப் பாதியில் விட்டது மாதிரி இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சாமுவேல் சார் வீட்டு முன்னால் ஒன்றை நட்டோம். பைஜாமாவோடு வெளியே வந்தார். அவரும் கிறிஸ்தவர்தான், நான் மாதா கோயில், அவர் வேறு சபை. நான் பிரான்சிஸ் என்று பெயரைச் சொன்னதும் கொஞ்சம் இளகியது மாதிரி தெரிந்தது. வாசலில் செத்த கட்டையை நட்டுவிட்டுப் போவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். இது துளிர்க்கும் சார், பெரிய குடையாக விரியும் என்றேன். கட்டையை மேலிருந்து கீழே பார்த்தார். என்னையும் அப்படியே பார்த்தார்.

"துளிர்த்தா நீங்க வந்து சொல்லுங்க, தம்பி. துளிர்க்கலைன்னா நான் வந்து சொல்றேன்."

நிழல் தகராறு

துளிர்த்தது. சில வருஷத்தில் ரோட்டுக்குக் கூரை போட்டது மாதிரி ஆகிவிட்டது. சாமுவேல் சாருக்கு எதிர் வீட்டில் இருந்தவர் மிஸ்டர் ஓங். சைக்கிள் உதிரிப்பாகங்கள் விற்பவர், சுத்தத்தில் கறார். இலை விழும், எறும்பு வரும் என்று தன் வீட்டு முன்னால் மரமே கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டவர்.

பிறகு அவர் ஒரு கார் வாங்கினார். கார் வாங்கியவனுக்குத்தான் சிங்கப்பூர் வெயில் என்னவென்று தெரியும். தினமும் மத்தியானம் அந்தக் கார் சாமுவேல் சார் வீட்டு மர நிழலில் போய் நின்றது. சாமுவேல் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நிழல் ரோட்டில் விழுகிறது, ரோடு பொது, நான் என்ன செய்ய முடியும்? அதைச் சொல்வதற்குள் ஓங்கே துடைப்பத்தோடு வந்துவிட்டார். அவருடைய ஆங்கிலமும் மலாயும் கலந்த பேச்சைத் தமிழில் சொன்னால், வாய்க்கு வாய் வரும் 'லா'வை மட்டும் அப்படியே விட்டு, இப்படி வரும்:

"மரம் அவரோடது, நிழல் அவரோடது, சரி. காத்தடிச்சா குப்பை மட்டும் எப்படி லா என்னோடது?"

கறிவேப்பிலை

அடுத்தது கால்வாய். பழைய லோங்காங் ஒரு ஆள் தாண்டிப் போகும் அகலம். அதை ஆள் இறங்கி நடக்கும் அளவுக்கு அகலப்படுத்த வேண்டும். அந்த அகலம் எங்கிருந்து வரும்? வேலிக்கு வெளியே இருக்கும் துண்டு நிலத்திலிருந்து. அது அரசாங்க நிலம்தான். ஆனால் வருஷக்கணக்காக அதில் தண்ணீர் ஊற்றியவர்கள் அவர்கள்.

ஓங்குக்குப் பக்கத்து வீடு கமலாவுடையது. புருஷன் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மாமனார் பெரியசாமி பக்கவாதத்தில் படுத்துப் பின்னறையில் கிடந்தார். அந்தத் துண்டு நிலத்தில் கமலா மல்லிகையும் கறிவேப்பிலையும் வைத்திருந்தாள். கறிவேப்பிலை என் தோளுயரம். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். சண்டை போடுவாள் என்று தயாராகப் போயிருந்தேன், போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உள்ளே போய் ஒரு அரிவாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கங்க அண்ணே. நாளைக்கு உங்க வீட்டு ரசத்துக்கு ஒரு கொத்து வேணும்னு இந்தப் பக்கம் வந்துறாதீங்க."

உத்தரவு

தெரு முனையில் ஒரு சீனப் பாட்டியம்மா சின்னதாகச் சிவப்பு மாடம் கட்டிச் சாமி வைத்திருந்தார். நாங்கள் வெட்ட வேண்டிய கோட்டுக்கு நேராக. மாடத்தை நாலடி தள்ளி நாங்களே புதிதாகக் கட்டித் தருகிறோம் என்றேன். நான் சொல்லி என்ன, சாமி சொல்ல வேண்டும் என்றார். பிறை மாதிரி இரண்டு மரத்துண்டுகளைக் கையில் எடுத்துக் கும்பிட்டுக் கீழே போட்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தன.

மண்வாரி இயந்திரத்தை ஓட்டுகிறவர் என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு சிகரெட் பற்றவைத்தார். பாட்டியம்மா மறுபடியும் போட்டார். சாமி அசையவில்லை. எங்கள் கான்ட்ராக்ட் மேஸ்திரி ஹமீது, "நீயே கேளேன்" என்று என்னை இடித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கழுத்தில் சிலுவை தொங்க மாடத்தின் முன்னால் நின்று, தண்ணீர் வீட்டுக்குள் போவதைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்று தமிழிலேயே சொன்னேன். பாட்டியம்மா கண்ணை மூடிக்கொண்டு துண்டுகளைப் போட்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. எனக்கு விளங்கவேண்டுமே என்று மலாயில் விவரம் சொன்னார்.

"நீ யாருன்னு கேட்டார். கிறிஸ்தவன்னு சொன்னேன். பரவாயில்லைன்னுட்டார்."

கால் கழுவிட்டு ஏறுங்க

கால்வாய் பாதி வெட்டியிருந்தபோது டிசம்பர் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் வந்தால் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாது. ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் நாங்கள் வெட்டிய பள்ளம், கலங்கல் தண்ணீருக்கு அடியில், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. விடிந்ததும் நானும் ஹமீதும் கயிறும் மூங்கிலுமாக லோரியில் போய் இறங்கினோம். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பள்ளத்தின் ஓரமாக மூங்கிலை ஊன்றிக் கயிறு கட்டிக்கொண்டே போனோம்.

கமலா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் வேலையிலிருந்து திரும்பவில்லை. மாமனார் கட்டிலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. உள்ளே போனோம். பெரியசாமி கூரையைப் பார்த்தபடி கிடந்தார், முதுகு நனைந்திருந்தது. அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டோம்.

போவதற்குப் பக்கத்தில் ஒரே இடம்தான், ஓங் வீடு. அந்த வருஷம்தான் அவர் எங்கள் ஆலோசனைப்படி வீட்டுத் தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தார். அவர் உயர்த்தியதால்தான் தண்ணீர் முழுதும் தன் பக்கம் வருகிறது என்று கமலா அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. இப்போதும் பேசவில்லை, நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நடந்தாள். ஹமீது ஒரு கையால் நாற்காலியைத் தாங்கி, மறு கையில் மூங்கிலால் தட்டித் தட்டி வழி பார்த்தார். மூங்கில் ஒரு இடத்தில் சரேலென்று உள்ளே போயிற்று. நான் வெட்டச் சொன்ன பள்ளம். மூன்று பேரும் சுவரை ஒட்டித் திரும்பினோம். நாற்காலியில் இருந்த மனிதர் என் சட்டையை விடவே இல்லை.

ஓங் தன் படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தார். ஒரு வாளியில் நல்ல தண்ணீரும் குவளையும் வைத்திருந்தார். இறங்கி வந்து நாற்காலியைத் தானும் ஒரு பக்கம் பிடித்து, பெரியசாமியை மேலே ஏற்றி, ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார வைத்தார். உலர்ந்த துண்டைப் போர்த்தினார். பிறகு திரும்பி, இடுப்பளவு வெள்ளத்தில் நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்தார்.

"கால் கழுவிட்டு ஏறுங்க."

சிக்கனம்

வெள்ளம் வடிந்த கையோடு தண்ணீர் இலாகாவிலிருந்து எங்களுக்கு வேறொரு உத்தரவு வந்தது. தண்ணீர் சிக்கனம். வீடு வீடாகப் போய்க் குழாயில் ஒரு சின்ன அடைப்பானைப் பொருத்தி, தண்ணீர் மெல்லியதாக வரும்படி செய்ய வேண்டும். யோசனை நல்லதுதான், நாம் குடிக்கிற தண்ணீரில் பாதி அடுத்த நாட்டிலிருந்து வருகிறது. நாள்தான் சரியில்லை. சுவர்களில் சேற்றுக் கோடு காயவில்லை, மெத்தைகள் வேலி மேல் கிடந்தன.

சாமுவேல் சார் கதவைத் திறந்தார். நான் விளக்கினேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். ஆசிரியராக இருந்தவர் அல்லவா? பிறகு குழாய் இருக்கும் இடத்தைக் காட்டி, என் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்:

"போன வாரம் கட்டில் வரைக்கும் விட்டீங்க. இந்த வாரம் குழாயில சொட்டுச் சொட்டா விடுறீங்க. ரெண்டு ஆபீஸும் கலந்து பேசினா நல்லது, தம்பி."

மழை நாள்

கால்வாய் வேலை முடிந்தது. எண்பதுகள் பிறந்துவிட்டன. தோ பாயோவிலும் பிடோக்கிலும் அடுக்கு வீடு கிடைத்து எஸ்டேட்டில் சிலர் போய்விட்டார்கள். கமலா குடும்பமும் ஓங்கும் போகவில்லை. ஒரு நாள் காலை, கடல் ஏற்றத்தோடு சேர்ந்து பழைய மாதிரியே பெருமழை. நான் அலுவலகத்தில் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. எங்கள் எஞ்சினியர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, லைன் இருக்கிறது என்று தெரிந்ததும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரோடு நனைந்திருந்தது, அவ்வளவுதான். கால்வாயில் தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே, அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஒரு ஆள் வெளியே இல்லை. எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. இத்தனை வருஷ வேலை சத்தமில்லாமல் காலடியில் போய்க்கொண்டிருக்கிறது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்தது. கமலா வீட்டுக் கதவைத் தட்டினேன். "லோங்காங்காரன் வந்திருக்கார்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு விலகி வழிவிட்டாள்.

பின்னறையில் பெரியசாமிக்குத் தலை வாரி, சட்டை மாட்டி, உட்கார வைத்திருந்தது. மழை தொடங்கியதிலிருந்து ஒரே பிடிவாதம் என்றாள் கமலா. அந்த வெள்ளத்தில் வீடு காயும்வரை அவர் ஓங் வீட்டு ஜன்னலில்தான் இருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் ரோட்டையும் ஆட்களையும் பார்த்தது அந்த நாட்களில்தானாம். ஓங் காலையில் கஞ்சி கொடுப்பாராம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமலே இருவரும் பேசிக்கொண்டிருப்பார்களாம். வெள்ளம் வரவில்லை ஐயா, இனி வராது, கால்வாய் முடிந்துவிட்டது என்று நான் நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. நல்ல கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"மழை பெய்யுதே தம்பி, ஓங் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலையா?"

நானும் கமலாவும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஜன்னலில் உட்கார வைத்தோம். எத்தனை பெரிய கால்வாய் வெட்டினாலும், வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும், எங்கள் தொழிலில் ஆள் தூக்கும் வேலை மட்டும் குறைவதே இல்லை.