மழையில் காத்திருந்த அடுப்புகள்

திண்டிவனத்தில் மின்மயானம் கட்டலாமா என்று நகராட்சியில் இன்று மாலை கருத்துக் கேட்கிறார்கள்.

"மெஷின்ல வெச்சா மனுஷனுக்கு என்னா மரியாதை சார்?" என்றார் பக்கத்து வீட்டு கோவிந்தன்.

அப்போது கொட்டும் மழையில் ஒரு மாட்டுவண்டி சுடுகாட்டுக்குப் போனது. நனைந்த விறகு, மண்ணெண்ணெய் டின். அந்த வாடை என்னை எண்பது வருடம் பின்னால், வெள்ளைக்காரன் கால விழுப்புரத்துக்கு இழுத்தது.

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். ஐப்பசி அடைமழையில் பெரியப்பா இறந்தார். பிணத்தை எடுக்கும்வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. மழை விட்டால்தான் சிதையில் தீப்பிடிக்கும். இரண்டாம் நாளும் மழை விடவில்லை. பிள்ளைகள் நாங்கள் பசியில் அழுதோம்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்துபோய்க் கூழ்ப்பானையை அடுப்பில் ஏற்றினாள்.

"ஊரு என்னா சொல்லும் அண்ணி?" என்று அப்பா பதறினார்.

"ஊருக்கும் சேர்த்துத்தான் கிண்டறேன். புள்ளைங்க அழறதப் பார்த்துக்கினு உங்க அண்ணன் சும்மா இருப்பாரா? வெறகு எடுத்துக்கினு வா தம்பி."

சற்று நேரத்தில் மற்ற வீடுகளிலும் புகை எழுந்தது.

மறுநாள் தூறலிலேயே பெரியப்பாவை எடுத்தார்கள். சிதை அணைந்து அணைந்து போக, அப்பா மூன்று முறை திரும்பிப்போய் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். பிறகு கொல்லையில் உட்கார்ந்து, உள்ளங்கையை முகர்ந்து முகர்ந்து அழுதார்.

கோவிந்தனிடம் கேட்டேன்: "எங்கப்பா கூடப் பொறந்த அண்ணன மழையில மூணு வாட்டி கொளுத்தினாரு. அது மட்டும் மரியாதையா?"

நான் குடையை விரித்தேன்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"நகராட்சிக்கு. கட்டச் சொல்லத்தான். குடையில எடம் இருக்கு. வேணாம்னு சொல்றதா இருந்தாலும் நனையாம வந்து சொல்லுங்க."