சுபாங்கியின் தாய்மாமன்

தம்பி வாகீசன் ஓர் ஐரிஷ்காரியைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று நான் போனை அடித்து வைத்தேன். மூன்று மாதம் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது அந்த ஐரிஷ்காரியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொல்லிப் பார்க்கட்டும், இந்தச் சந்திரவதனா யாரென்று காட்டுகிறேன்.

அவள் பெயர் ஓர்லா. மல்வேர்னில் எங்களுக்கு நாலு கதவு தள்ளி இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. விடிய ஆறரை பஸ்ஸைப் பிடிப்பதற்குள் பிட்டை அவித்து, சம்பலை அரைத்து, புருசனுக்கும் மகளுக்கும் சாப்பாட்டுப் பெட்டி கட்டிவிடுவாள். மா வறுக்கும் பதம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எழுதிக் கொடுக்கவும் தயார். மகள் சுபாங்கியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, தானும் பின்வரிசை வாங்கில் இருந்து வாசிக்கப் பழகினவள். எனக்கு ஒப்பரேசன் நடந்தபோது இரண்டு கிழமை வேலை முடிந்த கையோடு வந்து என்னைக் குளிப்பாட்டித் தலை வாரி இழுத்துவிட்டாள். நான் பெற்ற கௌசி 'கெற் வெல் சூன்' என்று மெசேஜ் போட்டாள்.

இந்தப் பங்குனியில் சுபாங்கி பெரியபிள்ளையானாள். சாமத்தியவீடு செய்தே ஆகவேண்டும் என்று குதித்தது நான்தான். சித்திரைக் கடைசியில் நாள் பார்த்து, ஹோல் பிடித்து, கார்டும் அடித்துவிட்டேன். பிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்து முதல் தண்ணீர் வார்க்கவேண்டியவர் தாய்மாமன். நான் கொஞ்சமும் யோசிக்காமல் என் மனுசன் அன்புராசாவின் பெயரைப் போட்டேன். நான் பிள்ளைக்கு மாமி என்றால் அவர் மாமாதானே! அவருக்குப் பட்டு வேட்டியும் எடுத்தாயிற்று.

ஓர்லா கார்டை இரண்டு தரம் வாசித்தாள். அதில் எங்கள் அப்பா, அம்மாவின் பெயர் இருந்தது. அவளுடைய தாய் தகப்பன் பெயர் இல்லை.

"மச்சாள், என்ரை பிள்ளைக்குத் தாய்மாமன் இருக்கிறார்," என்றாள்.

அவளுடைய ஒரே அண்ணன் டோனலைத்தான் சொன்னாள். அயர்லாந்தில் மாடு வளர்க்கிறவர்.

"சும்மா விசர்க்கதை கதையாதை! அந்த மனுசனுக்கு அறுகம்புல்லும் ஆராத்தியும் என்னெண்டு தெரியும்?" என்று பாய்ந்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "என்ரை அண்ணை வராட்டி சாமத்தியவீடு வேண்டாம். பிள்ளைக்கு என்ரை பக்கத்திலையும் ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியவேணும்."

"அப்ப நீயே கூப்பிடன்."

"நான் கூப்பிடேலாது. தகப்பன்ரை ஆக்கள்தானே மாமனுக்குச் சொல்லவேணும்? கௌசியின்ரை சாமத்தியவீட்டுக்கு உங்கடை மனுசன்ரை ஆக்கள் வாகீசனை வீட்டை வந்து கூப்பிடேல்லை எண்டு நீங்கள் ரெண்டு நாள் சாப்பிடேல்லை."

கடவுளே, அது உண்மை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் காலை டோனலின் நம்பரை வாங்கி நானே எடுத்தேன். பின்னால் மாடுகள் கத்தின. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்: "நான் வாகீசனின் அக்கா. உங்கள் மருமகளுக்கு நீங்கள்தான் முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். நீங்கள் இல்லாமல் நாங்கள் செய்யமாட்டோம். தயவுசெய்து வாருங்கள்."

"வாகீசனைத் தவிர உங்கள் வீட்டார் ஒருவர் எங்களோடு கதைப்பது பதினாறு வருடத்தில் இதுதான் முதல்தடவை," என்றார் டோனல். "இது பசுக்கள் கன்று போடுகிற நேரம். யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு வருகிறேன்."

போனை வைத்துவிட்டு வெட்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன். பிறகு எழும்பிப் போய், அவளுடைய தாய் தகப்பன் பெயரையும் போட்டு வேறு கார்ட் அடிப்பித்தேன்.

டோனல் வந்தார். அன்புராசா தனக்கு எடுத்த பட்டு வேட்டியைத் தானே அவருக்குக் கட்டி, அவிழாமலிருக்க மேலே பெல்ட்டும் போட்டுவிட்டார். ஹோலுக்குப் போகமுன், காலையில் வீட்டுக் கராஜுக்குள் பலகை போட்டுச் சுபாங்கியை இருத்தினோம். அந்த மொத்த விரல்களால் அவர் பால் அறுகை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைத்த பக்குவத்தைப் பார்க்கவேண்டும்! குடத்தைத் தூக்கியவர், ஊற்றலாமா என்று குனிந்து பிள்ளையைப் பார்த்தார். சுபாங்கி நிமிர்ந்து பார்த்து, "இற்ஸ் ஓகே, அங்கிள் டோனல்," என்றாள்.

நான் சுற்றிப் பார்த்தேன், ஓர்லாவைக் காணவில்லை. வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினிக்குள் நிற்கிறாள்!

"ஓர்லா! பெத்த தாய் உனக்குக் குசினிக்குள்ளை என்ன வேலை? இஞ்சை வாடி!" என்று கத்தினேன்.

ஓடி வந்தாள். சுபாங்கியின் தலையிலிருந்து தண்ணீர் வழிய, அண்ணன் வெறும் குடத்தோடு நிற்பதைப் பார்த்து அவள் விம்மி விம்மி அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் கண்டதில்லை. எல்லாருக்கும் முன்னால் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. உனக்கும் ஒரு பிறந்த வீடு இருக்கெண்டு நான் ஒரு நாளும் நினைச்சுப் பார்க்கேல்லை."

ஓர்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கிடந்த துவாயை எடுத்தாள்.

"ஓம் மச்சாள்," என்றாள். "வாங்கோ, பிள்ளைக்குத் தலை துவட்டுவம். குளிரப்போகுது."