கிற்றார் ஊருக்கு இருபது பேர்

சுற்றுலா பஸ் ஓட்டிறதெண்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வேலை எண்டு நினைக்கிறவை, எங்கட ஆக்கள் இருபது பேரை ஒரு மினி பஸ்ஸுக்குள்ளை ஏத்திப் பாக்கவேணும். வாழ்க்கையிலை ஒருக்காவாவது சொந்தக்காரரைச் சேர்த்து ஒரு பிக்னிக் ஒழுங்குபண்ணி நொந்த ஆளெண்டால், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்கள் என்ரை கட்சி.

ஏன் டாம்வேர்த்?

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. பென்டில் ஹில்லிலை இருந்து நான் பஸ் ஓடத் தொடங்கி ஒரு வருசம். கன்பராவுக்குப் பூப் பாக்க, ஹெலன்ஸ்பேர்க் கோயிலுக்கு எண்டு எல்லாரும் ஓடுற இடத்துக்குத்தான் நானும் ஓடினன். பாதிச் சீற் சும்மா கிடக்கும். நான் முந்தி வேலை செய்த பிஸ்கற் ஃபக்டரியின்ரை சுப்பவைசர் நல்ல மனுசன். திரும்பி வாறதெண்டால் மாசக் கடைசித் திங்கட்கிழமைக்குள்ளை சொல்லு, இடம் வைச்சிருக்கிறன் எண்டவர். என்ரை மனுசி வதனியும் அதே கெடுவைத்தான் தந்தவ. அதுக்கு முதல் இன்னும் ஒரேயொரு பயணம், அது சரிவராட்டி பஸ்ஸை வித்துப்போட்டு ஃபக்டரிக்குப் போறது எண்டு முடிவு.

சரி, கடைசியா ஒருத்தரும் போகாத இடத்துக்குப் போவம் எண்டு டாம்வேர்த்தைப் பிடிச்சன். ஆறு மணித்தியால ஓட்டம். அகலத் தொப்பி போட்டவை கிற்றாரோடை பாடுற கன்ட்ரி மியூசிக்குக்கு அதுதான் இந்த நாட்டிலை தலைநகரம். மளிகைக் கடையிலை நோட்டிஸ் ஒட்டினன். ஒரு கிழமையிலை இருபது சீற்றும் நிரம்பிப் போச்சு. எனக்கெண்டால் நம்பேலாமல் கிடந்தது. முதல் ஆளாப் பேர் குடுத்த, ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் இராசநாயகம் அங்கிளிட்டை, உங்களுக்கு அந்தப் பாட்டிலை அவ்வளவு விருப்பமோ எண்டு கேட்டன்.

"எனக்கு அந்தப் பாட்டு ஒரு சொட்டும் தெரியாது தம்பி, ஆனால் கன்பராப் பூவை ஏழுதரம் பாத்திட்டன்."

எல்லாத்துக்கும் வட்டம்

வெள்ளிக்கிழமை விடியக் காலமை வெளிக்கிட்டம். இரவு அங்கை தங்கி, சனி காலமை திரும்பிறது. அப்ப பாக்கிறதுக்கு வெள்ளி பின்னேரம் மட்டும்தான் இருக்கு. ஒரு கிளப்பிலை மத்தியானச் சாப்பாட்டோடை நேரடிக் கச்சேரி, அதை நான் முதலே புக் பண்ணிப்போட்டன். அதுக்குப் பிறகு ஒரு இடத்துக்குத்தான் நேரம். ஊர் வாசலிலை நிக்கிற பென்னாம்பெரிய பொன் நிறக் கிற்றார், பாடகர்மாற்றை மெழுகுப் பொம்மைகள், பழைய வாத்தியங்கள் வைச்ச மியூசியம், இந்த மூண்டிலை ஒண்டுக்கு வட்டம் போடுங்கோ எண்டு பஸ்ஸிலை ஏறேக்கை ஆளுக்கொரு துண்டு குடுத்தன்.

இருபது பேரும் மூண்டுக்கும் வட்டம் போட்டிருந்தினம். இராசநாயகம் அங்கிள் அடியிலை, "கிட்டடியிலை கோயில் இருந்தால் அதுவும்" எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சிருந்தார். நான் கண்ணாடியிலை பின்னுக்குப் பாத்து முறைச்சன். மலேசியாவிலை கிள்ளான் பக்கத்திலை இருந்து வந்த நர்ஸ் தெரேசா அக்காதான் எல்லாருக்குமாப் பதில் சொன்னா.

"ஒண்ணே ஒண்ணு பாக்கவா தம்பி ஆறு மணி நேரம் ஒக்காந்து வர்றோம்?"

ஸ்ரேக்கும் வெள்ளியும்

டாம்வேர்த்துக்கு முதல் ஒரு இடத்திலை தேத்தண்ணிக்கு நிப்பாட்டினன். அங்கை வைச்சு நெஞ்சை நிமித்திக்கொண்டு அறிவிச்சன். கிளப்பிலை ஆளுக்கொரு ஸ்ரேக் வருது, மாடு சாப்பிடாத ஆக்களுக்குக் கோழியும் சொல்லிக் கிடக்கு எண்டு. நான் எல்லாத்தையும் யோசிச்ச கெட்டிக்காரன். அங்கிளின்ரை மனுசி, இராசநாயகம் அன்ரி, மெல்லமா, "இண்டைக்கு வெள்ளியெல்லே தம்பி" எண்டா.

வீட்டுக் குசினியிலை கோயில் கலண்டர் தொங்குது, நான் அந்தப் பக்கமே பாக்கேல்லை. தெரேசா அக்காவாவது சாப்பிடுவா எண்டு திரும்பினன். "தவக்காலம் தம்பி, வெள்ளிக்கிழமைல நாங்களும் எறச்சி தொடமாட்டோம்." காலமையிலை இருந்து ஒரு விசயத்திலையும் ஒத்துவராத சனம் இதிலை மட்டும் ஒற்றுமை. கிளப்புக்குப் போன் எடுத்தன். தன்மையாத்தான் கதைச்சினம், ஆனால் இந்த நேரத்திலை மரக்கறிக்கு வழியில்லையாம், சாப்பிடுற ஆக்களுக்குத்தான் மேசையாம். கச்சேரியும் போச்சு. பாட்டுக் கேக்கக் கூட்டிக்கொண்டு வந்து பொம்மையைக் காட்டி அனுப்பப் போறன் எண்டு எனக்கு அழுகை வராத குறை. திங்கட்கிழமை பிஸ்கற்தான்.

பின்னாலை சரசரப்புச் சத்தம். திரும்பினால், சீற்றுக்குக் கீழை இருந்து பழைய ஐஸ்கிறீம் டப்பாவிலை அடைச்ச சாப்பாடு டப்பா டப்பாவா வருது. இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, எலுமிச்சஞ்சோறு. மத்தியானச் சாப்பாடு நான் தாறன் எண்டு நோட்டிஸிலை கொட்டை எழுத்திலை போட்டனான்தானே எண்டு கேட்டன். அன்ரி டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னா:

"வாசிச்சனாங்கள்தான், நம்பேல்லை."

மரத்துக்குக் கீழை

பெரிய கிற்றாருக்குக் கிட்ட ஒரு மர நிழலிலை பாய் விரிச்சம். கொஞ்சத்தாலை தொப்பி போட்ட ஒரு வயசாளி, தோளிலை கிற்றாரோடை வந்து, நல்ல வாசமா இருக்கு, அதென்ன எண்டு கேட்டார். விருந்தாளியை விடுவினமோ? மூண்டுதரம் சொதி வாங்கிக் குடிச்சார். பிறகு, சும்மா போகக்கூடாது எண்டு ஒரு பாட்டு எடுத்தார். ரெண்டாவது வரியிலை பின்னாலை இருந்து இன்னொரு குரல் ஏறிச்சுது. தெரேசா அக்கா. அவவின்ரை அப்பா ரேடியோவிலை விடாமல் கேட்ட பாட்டாம். மனுசன் கிற்றாரை நிப்பாட்டாமல் தொப்பியைக் கழட்டி அவவின்ரை தலையிலை வைச்சார்.

ஒரு மணித்தியாலம் பாடிச்சினம். எங்கட சனம் தொடையிலை தாளம் போட்டுது. அங்கை வந்து நிண்ட வேறொரு டூர் பஸ் கோச்சிலை இருந்த வெள்ளைக்காரச் சனமும் இறங்கிச் சுத்தி நிண்டுது. என்ரை பஸ், என்ரை ஆக்கள் எண்டு எனக்கு நெஞ்சு விம்மிப் போச்சு. பொம்மை, மியூசியம் எண்டு ஒருத்தரும் மூச்சுக் காட்டேல்லை. அந்தக் கோச்சிலை வந்த ஒரு மனுசி என்னட்டை வந்து இங்கிலீசிலை கேட்டா:

"இந்தக் கச்சேரியைப் பற்றி எங்கட டூர்க்காரன் ஒண்டும் சொல்லேல்லையே, இதுக்கு எங்கை புக் பண்ணிறது?"

திங்கட்கிழமை

திங்கள் காலமை நான் எழும்பேக்கையே போன் அடிச்சுக்கொண்டிருந்தது. வதனி கொப்பியும் பேனையுமா நிண்டா. இராசநாயகம் அங்கிள் தன்ரை மச்சான் குடும்பம் ஆறு பேருக்குச் சொல்லியிருந்தார். தெரேசா அக்காவின்ரை சேர்ச்சுப் பாடகர் குழு முழுக்க வரவேணுமாம், அடுத்த பஸ் வெள்ளிக்கிழமையிலைதான் போகவேணுமாம். நான் ஃபக்டரி நம்பரைத் தேடினன், அந்த மனுசனுக்கு ஒரு மறுமொழி சொல்லவேணுமே. வதனி கொப்பியிலை இருந்து தலை நிமித்தேல்லை.

"நான் எட்டு மணிக்கே எடுத்து, அவர் வரமாட்டார், அவருக்கு வேலை இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

இந்தத் தொழிலிலை நான் பாத்துப் பாத்து எழுதின நிகழ்ச்சி நிரல் ஒண்டையும் சனம் இண்டுவரைக்கும் புகழ்ந்ததில்லை, அது குழம்பின நாளை மட்டும் என்ரை கெட்டித்தனமெண்டு ஊரெல்லாம் சொல்லுது, நானும் மறுக்கிறதில்லை.