எந்தக் கரை மேடு?

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் கொள்ளிடம் கரைபுரண்டபோது நடந்தது இது. செயற்கைக்கோள் படங்களை வரைபடத்தோடு பொருத்துவது என் வேலை. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கிய மீட்பு முகாமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றோரக் கிராமம் ஒன்றில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி மாமியாரோடு சிக்கியிருந்தார். போன் வேலை செய்யவில்லை. லாரியில் பண்ருட்டிக்குப் போயிருந்த கணவர் முகாமுக்கு ஓடிவந்தார். "வாய்க்காலுக்கு வடக்க ஒரு மேடு, தெக்க ஒரு மேடு மேடம். ரெண்டுல ஒண்ணுலதான் ஏறியிருப்பாங்க" என்றார். வாய்க்காலில் இழுப்பு ஜாஸ்தி, குறுக்கே கடக்க முடியாது. இருந்ததோ ஒரே படகு. எந்தக் கரை வழியாகப் போவது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படம் காலையிலேயே வந்திருந்தது. அதில் ஒரு மேடுதான் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. வரைபடத்தில் வைத்தால் அது வடக்கு மேடு. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த படகுக்காரர் பாய், படகை மினி லாரியில் ஏற்றிவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், படத்தில் ரயில் பாலமும் வரைபடத்தில் இருக்கும் இடத்தைவிடச் சற்று வடக்கே தள்ளியிருந்தது.

படம் எடுத்த நொடியில் செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்பதை வைத்துத்தான் படத்தை நிலத்தில் பொருத்துகிறோம். அவசரத்துக்கு, முன்கூட்டிக் கணித்த இடத்தை எடுத்துக்கொள்வோம். உண்மையில் அது வந்த பாதையின் அளவு சில மணி நேரம் கழித்துத்தான் கிடைக்கும். அன்று கணிப்பு பிசகியிருந்தது. தெற்கு மேடாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த 'இருக்கலாம்' என்பதை நம்பி ஒரே படகை அனுப்பப் பயமாக இருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க பாய்" என்றேன்.

"எவ்ளோ நேரம் மேடம்? அவளுக்கு வலி எடுத்திருந்தா?" என்றார் கணவர்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. பாதை அளவு வந்ததும் மறுபடி கணக்கிட்டேன். பாலம் அதன் இடத்தில் உட்கார்ந்தது. மேடு வாய்க்காலைத் தாண்டித் தெற்கே வந்துவிட்டது.

"தெக்கதான் பாய்!"

மதியத்துக்குள் பாய் இருவரையும் கூட்டி வந்துவிட்டார். வடக்கு மேடு மூழ்கி, கண்ணுக்கே தெரியவில்லை என்றார். மறுநாள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. "நீங்க நிறுத்தனப்ப ஒங்க மேல அவ்ளோ கோவம் மேடம்" என்று அந்தக் கணவர் போனில் சொன்னார்.

இப்போதும் படத்தை உடனே அனுப்பச் சொல்வார்கள். பாதை அளவு வரட்டும் என்பேன். அன்று சரியாக முடிந்தது என்பதற்காக, ஒருவரைக் காத்திருக்கச் சொல்வது எனக்கு இன்னும் லேசான காரியமாகிவிடவில்லை.