கட்டைவிரல் போட்ட தளம்

"நான் ஏன் சிரிக்கறேன்னு உனக்கெதுக்கு புள்ள? அடுப்புல பாலு பொங்குது, போ!" என்று மருமகளை விரட்டினேன். அவளா நகருவாள்? வெளியே மேஸ்திரி, வாசலில் தளம் போடுவதற்காக, தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியொரு குழாயை நானும் பிடித்தவள்தான். குன்னூரில் எங்கள் வீட்டு முன்சரிவில் அப்பா தானே கல்லடுக்கி, மண் நிரப்பித் தளம் போட்டார்.

"மேஸ்திரி இல்லாம கிழிச்சிருவீங்களாக்கும்?" என்று தெருவே கேலி செய்தது.

குழாயின் ஒரு முனை அவரிடம், மறுமுனை எட்டு வயசு என்னிடம். முளைக்குச்சியில் அவர் கிழித்த கோட்டுக்குத் தண்ணீர் வந்ததும் நான் சொல்ல வேண்டும். பனிக்காலத் தண்ணீர் கையில் சிந்தியதும் விரல் விறைத்துப்போய், கட்டைவிரலால் குழாயை அடைத்துக்கொண்டேன். அடைத்தால் தண்ணீர் ஏறி இறங்காது என்று எனக்கென்ன தெரியும்?

"கோட்டுக்கு வந்துச்சா சாமி?"

"வந்துருச்சுங்கப்பா!"

முதல் மழையில்தான் தெரிந்தது, தளம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. குட்டை கட்டும், சிரிக்கலாம் என்று வந்தவர்கள் முன்னால், ஒரு சொட்டும் தேங்காமல் தண்ணீர் முட்டைக்கோஸ் பாத்திக்கு ஓடியது. அப்பாவுக்கே புரியவில்லை. காதில் உண்மையைச் சொன்னேன். முறைத்தவர், சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா இது?" என்று கேட்டவர்களிடம் நானே முந்திக்கொண்டேன்.

"மேஸ்திரிங்க மட்டந்தான் பாப்பாங்க. எங்கப்பா மழையையும் பாத்து வாட்டம் வெச்சாருங்க!"